கேனன் 5டி மார்க் 2-ஆ, 7டி-யா? கையில் 600 வெள்ளி, மனசு இரண்டு பக்கம்

ஈசூன் ஷிஃப்ட்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். "இந்தக் காலத்தில் போய் உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவா, கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வாங்குங்கள்" என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். மகள் இந்த வருஷம்தான் பாலிடெக்னிக் சேர்ந்திருக்கிறாள். என்னால் ஒதுக்க முடிந்தது 600 சிங்கப்பூர் வெள்ளி. அதற்கே மனைவியிடம் இரண்டு வாரம் நல்ல பிள்ளையாக இருக்க வேண்டியிருந்தது.

நான் பஸ் பணிமனையில் மெக்கானிக். கையில் இருப்பது 2008-இல் வந்த கேனன் 450டி. அதோடு வந்த 18-55 லென்ஸ், பிறகு வாங்கிய 55-250, அப்புறம் பிளாஸ்டிக் டப்பா மாதிரி இருக்கும் 50 எஃப் 1.8. போன வருஷம் எங்கள் சூப்பர்வைசர் ஓய்வு பெற்றபோது தன்னுடைய 400 எஃப் 5.6 எல் லென்ஸை என்னிடம் தள்ளிவிட்டுப் போனார். விலை சொன்னால் திட்டுவீர்கள், அவ்வளவு குறைவு. அன்று பிடித்ததுதான் இந்தப் பறவைப் பைத்தியம். ஞாயிறு லீவு கிடைத்தால் கிராஞ்சி எம்ஆர்டியில் இறங்கி பஸ் பிடித்து சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போய்விடுவேன்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கோயில் விசேஷங்கள். தைப்பூசம், தீமிதி, அக்கா மகளின் பரதநாட்டியம் எதற்கும் "மாமா கேமரா கொண்டு வருவார்" என்று முடிவே செய்துவிடுகிறார்கள். தைப்பூசத்துக்கு முந்தின இரவே சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து பால்குடம் கிளம்பிவிடும். அந்த வெளிச்சத்தில் 450டி தவிக்கிறது. இருட்டில் கூட்டிக்கொள்ளும் ஒளி உணர்திறன் இருக்கிறதே, அந்த ஐஎஸ்ஓ இதில் 1600-தான் எல்லை. அந்த 1600-இலும் முகமெல்லாம் ரவை கொட்டின மாதிரி வருகிறது.

சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய கேமரா கடைகளைச் சுற்றியதில் இரண்டு கண்ணில் பட்டன. 5டி மார்க் 2, 420 வெள்ளி. 7டி, 250 வெள்ளி. இரண்டையும் அழுத்திப் பார்த்தேன். 7டி வினாடிக்கு 8 படம், தையல் மெஷின் ஓடுகிற மாதிரி. 5டி மார்க் 2 நாலு படம்கூட முழுசாக இல்லை, 3.9-தான். ஆனால் அதன் வியூஃபைண்டரில் கண்ணை வைத்ததும் ஜன்னலைத் திறந்து பார்த்த மாதிரி இருந்தது. அதிலிருந்து தூக்கம் போச்சு.

பறவைக்கும் கோயிலுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று வாங்க வேண்டும் என்றால் எது?

இருட்டுப் பிரியன்:

கண்ணை மூடிக்கொண்டு 5டி மார்க் 2. பெரிய சென்சார், ஃபுல் ஃப்ரேம் ஃபுல் ஃப்ரேம்தான். ஐஎஸ்ஓ 3200-இல் கோயில் மண்டபத்துக்குள் எடுத்துப் பாருங்கள், பிறகு 7டி பக்கம் திரும்பவே மாட்டீர்கள். 7டி 1600 தாண்டினாலே முனகும். பறவைக்கும் இதுவே போதும். 21 மெகாபிக்சல் இருக்கிறதே, வேண்டிய இடத்தை வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் மரத்தடி இருட்டில் பறவை எடுப்பவருக்கு நாய்ஸ், அதாவது படத்தில் விழும் புள்ளி, குறைவான கேமராதானே நல்லது?

பூலோ கொக்கு:

தம்பி இருட்டுப் பிரியன் சொல்வதில் பாதி சரி. கோயிலுக்கு அவர் சொன்னது அப்படியே சரி. பறவைக்குச் சொன்னதில்தான் சிக்கல்.

400 எம்எம் லென்ஸில் மீன்கொத்தியை எடுக்கிறீர்கள். கிட்டப் போக முடியாது, நடுவில் சேறும் தண்ணீரும். அப்போது 5டி மார்க் 2-இல் பறவை சின்னதாக விழும், சென்சார் சின்னதான 7டி-யில் அதே பறவை சட்டத்தில் 1.6 மடங்கு பெரிதாகத் தெரியும். அதே அளவுக்கு வர 5டி படத்தை வெட்டினால் 21-ஐ இரண்டரையால் வகுத்த கணக்கு. மிஞ்சுவது 8 மெகாபிக்சல் சொச்சம். 7டி-யில் அந்த இடத்தில் 18 இருக்கும்.

"சரி, நாய்ஸ் குறையுமே" என்பீர்கள். குறையாது. வெட்டியபின் உங்களிடம் மிச்சம் இருப்பது 7டி சென்சார் அளவு பரப்பு மட்டுமே. அதில் விழுந்த வெளிச்சமும் அவ்வளவுதான். 7டி படத்தை 8 மெகாபிக்சலுக்குச் சுருக்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். எல்லாரும் 7டி-யை 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு "ஐயோ புள்ளி" என்று ஓடுகிறார்கள். ஃபுல் ஃப்ரேமின் லாபம், சட்டத்தை நிரப்ப முடிகிறபோதுதான். தைப்பூசத்தில் காவடிக்கு மூன்றடி தள்ளி நிற்கலாம், நிரப்பலாம். கொக்குக்கு முடியுமா?

ஷிஃப்ட்காரன், எனக்கு மூத்த ஆள் மாதிரி பேசப் பிடிக்காது, ஆனால் 2010-லிருந்து 7டி-யோடு அந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவன் நான். 19 ஃபோக்கஸ் புள்ளியும் குறுக்கு வகை, கிடைக்கோடு செங்கோடு இரண்டையும் பிடிக்கும். வெண்வயிற்றுக் கடல் கழுகு தலைக்கு மேலே திரும்பும்போது அது விடாமல் பிடிக்கும். 5டி மார்க் 2-இல் 9 புள்ளி, நடுப்புள்ளி மட்டும்தான் குறுக்கு வகை. பறக்கும் பறவையோடு அது படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது.

ஈசூன் ஷிஃப்ட்காரன்:

கொக்கு அண்ணே, இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. வெட்டினால் நாய்ஸ் லாபம் போய்விடும் என்பதை இரண்டு தடவை படித்தபின்தான் மண்டையில் ஏறியது. சின்ன பஸ்ஸுக்குப் பெரிய இஞ்சினை மாட்டிவிட்டு, பாதி சிலிண்டரை அடைத்து ஓட்டுகிற மாதிரி, இல்லையா?

ஆனால் என் நண்பன் ஒருவனிடம் 7டி இரவல் வாங்கி, போன சனிக்கிழமை பாசிர் ரிஸ் பூங்காவுக்குப் போனேன். ஏழேகால் மணி, நம் ஊரில் அப்போதுதானே சூரியன் எட்டிப் பார்க்கிறது. மரத்துக்குள் இருவாச்சி ஜோடி. 400 லென்ஸில் ஸ்டெபிலைசர் கிடையாது, கை நடுக்கத்துக்குப் பயந்து ஷட்டர் வேகம் 1/640 வினாடி வைத்தேன். ஐஎஸ்ஓ 3200 போயும் படம் இருட்டு. வீட்டுக்கு வந்து பார்த்தால் அலகின் மஞ்சள் மட்டும் தெரிகிறது, மற்றதெல்லாம் கோப்பித்தூள். ஒன்பது மணிக்குமேல் வெட்டவெளியில் எடுத்த கொக்குகள் மட்டும் ஒவ்வொரு இறகும் எண்ணலாம் போல இருந்தன. ஒரே கேமரா, ஒரே காலை! இதற்கு என்ன செய்வது?

பூலோ கொக்கு:

அதற்குக் கேமரா மாற்றி லாபம் இல்லை தம்பி, நேரத்தை மாற்ற வேண்டும். சுங்கை பூலோவில் ஏற்ற நீர் அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போங்கள். தண்ணீர் ஏறி வெளிச்சேறு மூழ்கினால் உள்ளான் கூட்டமெல்லாம் உள்ளே குளங்களுக்கு வந்துவிடும், நாம் ஒளிந்து பார்க்கும் மறைவிடத்துக்குக் கிட்டேயே நிற்கும். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வலசைக் காலம், இப்போது நல்ல பருவம். மரத்துக்குள் இருவாச்சி எடுக்க ஒற்றைக்கால் ஸ்டாண்டு ஒன்று வாங்கி, 1/200-க்கு இறங்கிப் பாருங்கள். உட்கார்ந்திருக்கிற பறவைதானே.

கல்யாண ஆல்பம்:

பதினோரு வருஷம் கல்யாணம், வளைகாப்பு, அரங்கேற்றம் என்று எடுத்தவள். அதில் ஏழு வருஷம் 5டி மார்க் 2. இரண்டு ஆண்களும் கேமராவைப் பற்றியே பேசுகிறீர்கள், தம்பியின் பையில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

18-55, 55-250 இரண்டும் இஎஃப்-எஸ் வகை, சின்ன சென்சார் கேமராவுக்கென்றே செய்தவை. 5டி மார்க் 2-இல் மாட்டவே மாட்டாது. ஆக, 420 கொடுத்து வாங்கினால் வீட்டில் வேலைக்கு ஆகும் லென்ஸ் 50-உம் 400-உம்தான். நடுவில் ஒன்றும் இல்லை. 24-105 மாதிரி ஒன்று பழையது வாங்கப் போனால் 600 தாண்டிவிடும். இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். 7டி-யில் எல்லாமே மாட்டும்.

சரி, 5டி மார்க் 2-இன் குறையும் சொல்லிவிடுகிறேன், நான் அதன் ரசிகைதான் என்றாலும். ஓரப் புள்ளிகளை மங்கல் வெளிச்சத்தில் நம்பாதீர்கள். நடுப்புள்ளியில் கண்ணைப் பிடித்து, பாதி அழுத்தியபடி சட்டத்தை நகர்த்துங்கள். எஃப் 1.8-இல் இப்படிச் செய்தால் கொஞ்சம் தவறும், லென்ஸ் துளையைச் சற்றுச் சுருக்கி எஃப் 2.2 வையுங்கள். அப்புறம், நாட்டிய மேடையின் கறுப்புத் திரையை பிறகு கணினியில் தூக்கிப் பார்க்காதீர்கள், நிழலில் கோடு கோடாக வரும். எடுக்கும்போதே கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, ரா கோப்பாக, அதாவது கேமரா திருத்தாத மூலப் படமாக, எடுத்துவிடுங்கள். இதைக் கவனித்தால் அந்தத் தோல் நிறம்... இன்றைக்கும் என் பழைய ஆல்பங்களைப் பார்த்தால் பெருமையாக இருக்கிறது.

இப்போது என் கேள்வி. நீங்கள் பறவைக்காரர் என்று சொல்கிறீர்கள். போன ஒரு வருஷத்தில், அழிக்காமல் வைத்த படங்களை எண்ணிவிட்டு வாருங்கள். எத்தனை பறவை, எத்தனை மனிதர்? பறவையில் எத்தனை பறக்கிறது, எத்தனை உட்கார்ந்திருக்கிறது?

ஒன்று நினைவில் வையுங்கள். உங்கள் 450டி-யும் 1.6 மடங்கு கேமராதான், 12 மெகாபிக்சல். வெட்டிய 5டி படத்தைவிட அதில் கூடுதல் விவரம் உண்டு. உட்கார்ந்த மீன்கொத்திக்கு அது ஒன்றும் கெட்டுப் போகவில்லை. விற்றால் என்ன கிடைக்கும், எண்பது வெள்ளி? விற்காதீர்கள்.

ஈசூன் ஷிஃப்ட்காரன்:

அக்கா, எண்ணினேன். நேற்று இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து, மகளையும் பக்கத்தில் உட்கார வைத்து எண்ணினேன்.

மொத்தம் 912. பறவை 207. அதில் பறப்பது 31, அதிலும் கூர்மையாக இருப்பது நாலே நாலு. மீதி 705-உம் மனிதர்கள். அக்கா மகள் மட்டுமே 160-க்கு மேல். என் அப்பாவின் கடைசிப் பொங்கல் படங்கள் அதில் இருக்கின்றன, எல்லாம் ஐஎஸ்ஓ 1600, எல்லாம் மணல். "நீங்க பறவை எடுக்கிறவர் இல்லப்பா, பறவை எடுக்கப் போகிறவர்" என்று மகள் சிரித்தாள்.

கொக்கு அண்ணே கோபித்துக்கொள்ள வேண்டாம். மனசு 5டி பக்கம் சாய்கிறது. 450டி-யில் 400-ஐ மாட்டி அப்படியே விட்டுவிடுகிறேன்.

பூலோ கொக்கு:

எனக்கென்ன கோபம். 31-இல் நாலு கூர்மை என்றால், 7டி வாங்கினாலும் முதல் ஆறு மாதம் அதே கதைதான், பழக வேண்டிய வித்தை அது.

வாங்கும்போது இதைப் பாருங்கள். கார்டு போடும் கதவைத் திறந்து உள்ளே டார்ச் அடியுங்கள். இதில் எஸ்டி கார்டு போகாது, சிஎஃப் கார்டு. யாராவது கோணலாகச் செருகியிருந்தால் உள்ளே ஊசிகள் வளைந்திருக்கும், ஒன்று வளைந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஷட்டர் எத்தனை தடவை அடித்தது என்பது கேனன் படக் கோப்பில் இருக்காது, யுஎஸ்பி-யில் கணினியோடு இணைத்து தனி மென்பொருளில்தான் பார்க்க முடியும். 1,50,000 என்று மதிப்பிட்ட ஷட்டர் அது. கடைக்காரர் பார்க்க விடமாட்டேன் என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். எஃப் 16-இல் வெள்ளைச் சுவரைப் படம் எடுத்தால் சென்சார் தூசி தெரியும். தூசியாவது துடைக்கலாம். லென்ஸில் பூஞ்சை இருந்தால்தான் வம்பு. எனக்கு ஒருமுறை ஒருவர் பூஞ்சை பிடித்த 70-200-ஐ "லேசான தூசி" என்று தலையில் கட்டினார். ஈரத்தைக் கட்டுப்படுத்தும் டிரை பாக்ஸ் இல்லாவிட்டால் முதலில் அதை வாங்குங்கள், ஈரப்பதத்தை 40-50 சதவீதத்தில் வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் அலமாரியில் வைத்த லென்ஸ் ஒரு வருஷம் தாங்காது.

இருட்டுப் பிரியன்:

நான்தான் முதலிலேயே சொன்னேன், கண்ணை மூடிக்கொண்டு 5டி என்று!

கல்யாண ஆல்பம்:

சொன்னீர்கள், காரணம்தான் வேறு.

ஈசூன் ஷிஃப்ட்காரன்:

வாங்கிவிட்டேன். 420 சொன்னதை 390-க்கு முடித்தேன், ஷட்டர் 61,000 சொச்சம், ஊசி எல்லாம் நேர். சிஎஃப் கார்டும் ரீடரும் வாங்கியதில் இன்னும் 45 போச்சு. மீதிப் பணத்தில் டிரை பாக்ஸ். 24-105 அடுத்த போனஸுக்கு.

தீமிதி அன்று பெருமாள் கோயில் வாசலில் நின்றேன். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்கு நடக்கும் பக்தர்கள் அங்கிருந்துதானே கிளம்புகிறார்கள். 50 லென்ஸ், எஃப் 2.2, ஐஎஸ்ஓ 3200. அக்கா சொன்ன மாதிரி நடுப்புள்ளி மட்டும். முதல் இருபது படம் கைகால் நடுங்கி வீண். பிறகு ஒரு பெரியவர், மஞ்சள் வேட்டி, கையில் வேப்பிலை, கண்ணை மூடி நின்றார். ஒரே ஒரு தடவைதான் அழுத்தினேன். நெற்றி விபூதியின் வெடிப்பு தெரிகிறது.

50 எம்எம் இதில் உண்மையிலேயே 50-ஆக இருப்பதால் இரண்டடி முன்னே போக வேண்டியிருக்கிறது. 450டி-யில் அதே லென்ஸ் 80 மாதிரி தூரத்திலேயே நிற்க விட்டது. பழகிவிடும்.

கொக்கு அண்ணே, வரும் ஞாயிறு ஏற்ற நீர் பதினொன்றரைக்கு என்று போட்டிருக்கிறது. பத்து மணிக்கு நான் அங்கே இருப்பேன், 450டி-யோடு. உங்கள் 7டி-யை ஒரு பத்து நிமிஷம் கொடுப்பீர்களா?

பூலோ கொக்கு:

பத்து நிமிஷம்தான். கோப்பி உங்கள் செலவு.