45,000 ரூபாய்க்குள் முதல் அசெம்பிள்டு பிசி: இந்தக் கொட்டேஷனுக்குச் சரி சொல்லலாமா?

பொருநை_23:

வணக்கம். முதல் தடவையாக பிசி அசெம்பிள் பண்ணப் போகிறேன். பட்ஜெட் 45,000 ரூபாய். கீபோர்டு, மவுஸ், ஸ்பீக்கர் இருக்கின்றன. பழைய 19 இஞ்ச் மானிட்டர் ஒன்றும் இருக்கிறது, ஆனால் அதில் விஜிஏ (பழைய அனலாக் இணைப்பு) போர்ட் மட்டும்தான். வேலை: காலேஜ் புரோகிராமிங், போனில் எடுத்த வீடியோவை ப்ரீமியரில் 1080பி-யில் எடிட் பண்ணுவது, சாயங்காலம் கொஞ்சம் வேலரண்ட் கேம்.

ஊரில் ஒரு கடையில் கொடுத்த கொட்டேஷன்: ஐ3-12100எஃப், எச்610 மதர்போர்டு, 8ஜிபி டிடிஆர்4 ராம், 512ஜிபி எஸ்எஸ்டி, ஜிடி 730 4ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுடன் (பவர் சப்ளை) கேபினட். மொத்தம் 43,500. அசெம்பிளி இலவசம் என்கிறார்கள். எதையாவது மாற்ற வேண்டுமா?

ஹீட்சிங்க்:

கிட்டத்தட்ட எல்லாத்தையும் மாத்தணும் தம்பி. முதல்ல கொட்டேஷனைப் படிக்கிற விதம். ஆறு வரியில ப்ராசசருக்கு மட்டும்தான் முழு மாடல் பேர் இருக்கு. மத்த வரியெல்லாம் "கடையில எது கிடக்குதோ அது"ன்னு அர்த்தம். மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் நாலுக்கும் கம்பெனி, மாடல், வாரண்டி எத்தனை வருஷம்னு எழுதி வாங்குங்க. எழுதித் தர யோசிக்கிற கடைன்னா அடுத்த கடைக்குப் போயிடுங்க.

இப்ப பெரிய தப்பு. 12100எஃப்-ல அந்த 'எஃப்'னா உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. அதனால திரையில படம் வரவைக்க ஒரு கார்டு வேணும், அதுக்குத்தான் ஜிடி 730-ஐச் சேர்த்திருக்காங்க. அது 2014-ல வந்த கார்டு. அந்தத் தலைமுறைக்கு கேம் டிரைவர் தர்றதை நிவிடியா 2021-லயே நிறுத்திடுச்சு. "4ஜிபி"ங்கறதைப் பார்த்து ஏமாறாதீங்க, மெதுவான டிடிஆர்3 மெமரியை எத்தனை ஜிபி போட்டாலும் சிப் அதே சிப்தான். ஓசியில குடுத்தாலும் அந்த ஸ்லாட்டுக்கு அது வேண்டாம்.

நான் சொல்ற செட்: ரைசன் 5 5600ஜி. 6 கோர், 12 த்ரெட், உள்ளேயே வேகா 7 கிராபிக்ஸ், பெட்டியிலேயே கூலரும் வரும். 1080பி-யில செட்டிங்ஸ் குறைச்சு வெச்சா வேலரண்ட் 60 ஃப்ரேமுக்கு மேல தாராளமா ஓடும். கார்டுக்குப் போற காசு அப்படியே ராமுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் போகட்டும்.

ராம் 8ஜிபி ஒண்ணு கண்டிப்பா வேண்டாம். 8+8 ரெண்டு ஸ்டிக், டிடிஆர்4 3200. ப்ரீமியருக்கு 16 வேணும்ங்கறது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இந்த ப்ராசசர்ல கிராபிக்ஸுக்குத் தனி மெமரி இல்ல, ராமையேதான் பங்கு போட்டுக்கும். 3200 ஸ்டிக் ஒண்ணு வினாடிக்கு 25.6 ஜிபி தரும். ரெண்டு ஸ்டிக் டூயல் சேனல்ல இருந்தா 51.2. ஒத்தை ஸ்டிக் போட்டா காசு கொடுத்து வாங்கின கிராபிக்ஸ்ல பெரும்பகுதி சும்மா கிடக்கும்.

எஸ்எஸ்டி எம்.2 என்விஎம்இ-யா கேளுங்க. சாட்டா எஸ்எஸ்டி வினாடிக்கு 550 எம்பி-யோட நின்னுடும். எம்.2 வடிவத்துலயே சாட்டா வகையும் விக்கிறாங்க, அதனால பேர்ல "என்விஎம்இ" இருக்கான்னு பாருங்க. 500ஜிபி-க்கு 300 டிபிடபிள்யூ (ஆயுசுல எத்தனை டிபி எழுதலாம்ங்கற கணக்கு) அளவுல போட்டிருந்தா நல்லது. 5600ஜி பிசிஐஇ (எஸ்எஸ்டி-யும் கார்டும் ப்ராசசரோட பேசற பாதை) 3.0 வேகத்தோட நின்னுடும்ங்கறதால பிசிஐஇ 4.0 எஸ்எஸ்டி-க்கு அதிகமா கொடுக்க வேண்டாம்.

ஃப்யூஸ்வயர்:

கொட்டேஷனின் கடைசி வரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதுதான் ஆபத்தானது.

கேபினட்டோடு சேர்ந்து வரும் "450 வாட்" எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். +12வி என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, 12-ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்று இருந்தால் 216 வாட், அவ்வளவுதான் உங்களுக்கு. ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது பெரும்பாலும் 12வி-யைத்தான். நேர்மையான 450 வாட் யூனிட்டில் 12வி-க்கு 36 ஆம்பியருக்குக் குறையாமல் இருக்கும்.

கணக்கு இதோ. 5600ஜி முழு வேலையில் 88 வாட் வரை போகும். நாளைக்கு ஆர்எக்ஸ் 6600 போட்டால் அதற்கு 132 வாட். போர்டு, ராம், ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து 50 என்று வைத்தாலும் 270. நல்ல 450 போதும், 550 நிம்மதி. 80 ப்ளஸ் பிரான்ஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும், தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. வாரண்டி 5 வருடம் தருகிறார்களா பாருங்கள். தன் சரக்கின் மேல் கம்பெனிக்கே எவ்வளவு நம்பிக்கை என்பது அதில் தெரிந்துவிடும். கிராபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் தரும் 6+2 பின் பிசிஐஇ கேபிள் ஒன்றாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிறகு கார்டு போட முடியாது.

யூபிஎஸ் வாங்கினால் 600 விஏ என்பது 360 வாட்தான். கரண்ட் போனதும் சேவ் செய்து ஷட் டவுன் செய்ய அது போதும். இன்னொன்று, பிசி வைக்கும் ப்ளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். கேபினட்டைத் தொட்டால் விரல் சுருக்கென்றால் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போனதாக இருக்காது. உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்களின் சிறு கசிவு மண்ணுக்குப் போக வழியில்லாமல் கேபினட்டில் நிற்கிறது. மூன்று பின்னை இரண்டு பின்னாக மாற்றும் அடாப்டர் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

எல்ஜிஏ1700:

ஹீட்சிங்க் சொல்வது கேமுக்குச் சரி, ஆனால் எடிட்டிங்குக்கும் புரோகிராமிங்குக்கும் ஐ5-12400-ஐ ஏன் யாரும் சொல்லவில்லை? எஃப் இல்லாத 12400. இதுவும் 6 கோர், 12 த்ரெட், தனித்தனி கோர் வேகம் 5600ஜி-யைவிட அதிகம். உள்ளே இருக்கும் யுஎச்டி 730 கிராபிக்ஸில் க்விக் சிங்க் (வீடியோவை வேகமாகக் கையாளும் இன்டெல் வசதி) உண்டு. பின்னாளில் கார்டு போட்டால் பிசிஐஇ 4.0 முழுதாகக் கிடைக்கும். 5600ஜி 3.0-வோடு நின்றுவிடும், எல்3 கேஷும் (ப்ராசசருக்குள் இருக்கும் வேக மெமரி) 16 எம்பி-தான்.

எச்610 போர்டு எடுத்தால் ராம் ஸ்லாட் இரண்டுதான், கவனம். டிடிஆர்4 போர்டா டிடிஆர்5 போர்டா என்று பெயரிலேயே பார்க்கவும். ஒன்றின் ராம் மற்றதில் ஏறாது.

ஹீட்சிங்க்:

நியாயமான வாதம். ஆனா யுஎச்டி 730-ல வேலரண்ட் இழுத்துப் பிடிச்சுத்தான் ஓடும், வேற கேம் கேட்கவே வேண்டாம். க்விக் சிங்க் பெருசா உதவுறது மிரர்லெஸ் கேமராவோட 10-பிட் 4:2:2 (கலர் விவரம் அதிகம் இருக்கற வகை) எச்இவிசி வீடியோ ஃபைலுக்கு. அதை டிகோட் பண்ண வேகாவுக்குத் தெரியாது, இன்டெலுக்குத் தெரியும். போன்ல எடுக்கறது 4:2:0, அதை ரெண்டுமே சமாளிக்கும். ஆக, கார்டு இல்லாம ஒரு வருஷமாவது ஓட்டணும்னா 5600ஜி. ரெண்டு மூணு மாசத்துல கார்டு வாங்கிடுவேன்னா 12400.

பொருநை_23:

ரொம்ப நன்றி அண்ணா. கார்டு வாங்க எப்படியும் ஒரு வருடம் ஆகும், அதனால் 5600ஜி. மூன்று சந்தேகம். பி450 மதர்போர்டு விலை குறைவு என்கிறார்கள், எடுக்கலாமா? ராம் விலை ஏறிக் கிடப்பதால் இப்போது 8ஜிபி ஒன்று வாங்கி, விலை இறங்கியதும் இன்னொன்று வாங்கலாமா? பழைய மானிட்டர் ஓடுமா?

ஹீட்சிங்க்:

பி450 ஓடும், ஆனா ரைசன் 5000 வர்றதுக்கு முந்தின பயாஸோட (போர்டுக்குள்ள இருக்கற ஆரம்ப சாஃப்ட்வேர்) அந்தப் பெட்டி ரொம்ப நாளா அலமாரியில இருந்ததுன்னா ப்ராசசரை அடையாளமே தெரியாது, டிஸ்ப்ளே வராது. பெட்டி மேல "ரைசன் 5000 ரெடி" ஸ்டிக்கர் இருக்கணும், இல்லாட்டி கடையிலயே பயாஸ் அப்டேட் பண்ணித் தரணும். போர்டுல ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தா ப்ராசசர் இல்லாமலே பென்டிரைவ்ல பண்ணிக்கலாம்.

ஏ520 போர்டும் போதும். 5600ஜி-யை ஓவர்கிளாக் பண்ண யாரும் சொல்லல, பி550 போர்டோட பிசிஐஇ 4.0-உம் இந்த ப்ராசசர்ல கிடைக்காது. பின்னாடி 5600 மாதிரி ஜி இல்லாத ப்ராசசருக்கு மாறுற எண்ணம் இருந்தா மட்டும் பி550. எதுவானாலும் நாலு ராம் ஸ்லாட் இருக்கற போர்டா எடுத்தா நல்லது, பின்னாடி 16-ஐ 32 ஆக்க பழைய ஸ்டிக்கைக் கழட்ட வேண்டியதில்ல.

ராம்: 2025 கடைசியிலிருந்து ஏறின விலை எல்லாருக்கும்தான் கடிக்குது. இருந்தாலும் இந்த ஒண்ணுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. கேபினட்ல குறைங்க, முன்னாடி கண்ணாடியும் கலர் லைட்டும் இல்லாம வலை வெச்ச சாதா கேபினட் காத்தோட்டத்துக்கும் நல்லது. அதுவும் போதலைன்னா 8+8 பழைய ஸ்டிக் வாங்கலாம், ராம் சீக்கிரம் கெடற பொருள் இல்ல. ஒரே மாடல் ஜோடியா வாங்கி, வீட்ல ராமைச் சோதிக்கற மெம்டெஸ்ட் சாஃப்ட்வேரை ஒரு முழுச் சுத்து ஓட்டிடுங்க, ஒரு எரர் வந்தாலும் திருப்பிக் கொடுத்துடணும்.

மானிட்டர்: சில போர்டுல விஜிஏ போர்ட்டே இருக்கு, அதைத் தேடி எடுத்தா செலவில்ல. இல்லாட்டி உள்ளே சிப் வெச்ச எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வர்ட்டர். ரெண்டு முனையும் வெறும் ஒயரா இருக்கற கேபிள் வாங்காதீங்க, டிஜிட்டலை அனலாக்கா மாத்த அதுக்குள்ள எதுவுமே இல்ல.

ஃப்யூஸ்வயர்:

எல்லாப் பாகத்துக்கும் ஜிஎஸ்டி பில், அதில் சீரியல் நம்பரோடு. ப்ராசசர் சீல் உடையாத பெட்டியில் வர வேண்டும். டிரே சரக்கு (பெட்டியில்லாமல் தனியாக விற்பது) என்றால் கூலரும் இருக்காது, கம்பெனி வாரண்டியும் இருக்காது.

பொருநை_23:

எல்லாம் வாங்கியாயிற்று: 5600ஜி, நாலு ஸ்லாட் பி550எம், 8+8, 500ஜிபி என்விஎம்இ, 550 வாட் பிரான்ஸ். நானே மாட்டினேன். ஆன் செய்தால் ஃபேன்கள் எல்லாம் சுற்றுகின்றன, மானிட்டரில் "நோ சிக்னல்". போர்டின் ஓரத்தில் டிராம் என்ற இடத்தில் சின்ன லைட் எரிந்தபடியே இருக்கிறது. ராமை ப்ராசசர் பக்கமிருந்து முதல் இரண்டு ஸ்லாட்டில் போட்டிருக்கிறேன்.

எல்ஜிஏ1700:

அந்த லைட் நல்ல சகுனம். ப்ராசசரைத் தாண்டி ராம் சோதனையில் நிற்கிறது என்று அர்த்தம். மேல் இடது மூலையில் ப்ராசசருக்கான 4+4 பின் கேபிள் மாட்டியிருக்கிறீர்களா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஹீட்சிங்க்:

ஸ்விட்சை அணைச்சு, ப்ளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு பத்து வினாடி அழுத்திப் பிடிங்க, மிச்ச கரண்ட் வடிஞ்சுடும். ரெண்டு ஸ்டிக்கையும் கழட்டுங்க. ஒரே ஒரு ஸ்டிக், ப்ராசசர்ல இருந்து எண்ணினா ரெண்டாவது ஸ்லாட், ஏ2-ன்னு எழுதியிருக்கும். ரெண்டு முனையையும் கட்டை விரலால நேரா அழுத்துங்க, 'டக்'னு ரெண்டு பக்கமும் கேக்கணும். நிறைய போர்டுல கிளிப் ஒரு பக்கம்தான் இருக்கும், கிளிப் இல்லாத முனைதான் பெரும்பாலும் பாதியில நிக்கிறது. புது ஸ்லாட் இறுக்கமா இருக்கும், பயப்படாம அழுத்தலாம், ஆனா போர்டு வளையுதுன்னா கீழே போர்டைத் தாங்கற ஸ்டாண்டாஃப் ஒண்ணு விட்டுப்போயிருக்கு, முதல்ல அதைப் பாருங்க.

படம் வந்தா ரெண்டாவது ஸ்டிக்கை நாலாவது ஸ்லாட்டுல, பி2-ல போடுங்க. இப்ப நீங்க போட்டிருக்கற பக்கத்துப் பக்கத்து ஸ்லாட் ரெண்டும் ஒரே சேனல், அப்படியே ஓடினாலும் பாதி வேகம்தான். ஏ2-லயும் வரலைன்னா அடுத்த ஸ்டிக்கை அதே ஸ்லாட்டுல மாத்திப் பாருங்க, அப்புறம் வட்ட பேட்டரியைக் கழட்டி அஞ்சு நிமிஷம் விட்டு சிமாஸ் கிளியர் (பயாஸ் செட்டிங்ஸை அழிக்கறது) பண்ணுங்க. கூலரை மட்டும் சும்மா கழட்டிடாதீங்க. பேஸ்ட் ஒட்டிக்கிட்டு இந்த ஏஎம்4 சாக்கெட் ப்ராசசர் கூடவே பிடுங்கிக்கிட்டு வந்து பின் வளைஞ்சுடும். கழட்டியே ஆகணும்னா கொஞ்ச நேரம் பிசி ஓடி சூடான பிறகு, லேசாத் திருகி, அப்புறம் தூக்கணும்.

பொருநை_23:

வந்துவிட்டது! கிளிப் இல்லாத முனைதான் உட்காரவில்லை. ஏ2, பி2-இல் போட்டு விண்டோஸ் 11-உம் ஏற்றியாயிற்று. ஆனால் டாஸ்க் மேனேஜரில் ராம் வேகம் 2666 என்று காட்டுகிறது, 16-இல் கொஞ்சம் "ஹார்ட்வேர் ரிசர்வ்டு" என்கிறது. வேலரண்ட் திறந்தால் வான்9001 எரர்.

ஹீட்சிங்க்:

2666 கோளாறு இல்ல, பயாஸ்ல எக்ஸ்எம்பி-யை (ராமை அதோட முழு வேகத்துல ஓட்டற செட்டிங்) ஆன் பண்ணா 3200 வரும். சில போர்டுல அதுக்கு டிஓசிபி-ன்னு பேர். ரிசர்வ்டு பகுதி கிராபிக்ஸுக்கு ஒதுக்கினது. பயாஸ்ல அந்த அளவை வைக்கிற "யுஎம்ஏ ஃப்ரேம் பஃபர்" ஆட்டோவுலயே இருக்கட்டும், ஏதாவது சாஃப்ட்வேர் வீடியோ மெமரி போதலைன்னு அடம்பிடிச்சா மட்டும் 2ஜிபி ஆக்குங்க.

வான்9001: வேலரண்டுக்கு விண்டோஸ் 11-ல டிபிஎம் 2.0, செக்யூர் பூட்ங்கற ரெண்டு பாதுகாப்பு வசதியும் ஆன்ல இருக்கணும். பயாஸ்ல எஃப்டிபிஎம் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கற டிபிஎம்) எனேபிள், சிஎஸ்எம் (பழைய முறையில பூட் ஆகற வசதி) டிசேபிள், அப்புறம் செக்யூர் பூட் எனேபிள், இந்த வரிசையில. சிஎஸ்எம்-ஐ அணைக்கும் முன்னாடி டிஸ்க் மேனேஜ்மென்ட்ல எஸ்எஸ்டி-யோட பார்ட்டிஷன் வகை ஜிபிடி-யான்னு பாருங்க. எம்பிஆர்-ங்கற பழைய வகையா இருந்தா விண்டோஸ் பூட் ஆகாது, முதல்ல மாத்தணும்.

பொருநை_23:

ஜிபிடி-தான். மூன்றையும் மாற்றியதும் கேம் திறந்துவிட்டது. கடைசியாக ஒன்று: அடுத்த வருடம் கார்டு வாங்கும்போது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி விலை குறைவாக இருக்கிறதே?

எல்ஜிஏ1700:

உங்கள் ப்ராசசருக்கு அது பொருந்தாத கார்டு. அதற்கு பிசிஐஇ லேன் (தரவு போகும் தடம்) நாலுதான், 4.0-வில் ஓடும் என்று நம்பிச் செய்தது. 5600ஜி தருவது 3.0, ஆகவே பாதை பாதியாகிவிடும். 4ஜிபி மெமரி நிரம்பியதும் தடுமாறும். வீடியோ என்கோடரும் அதில் இல்லை, எடிட் பண்ணுகிறவருக்கு அதுவே போதும் வேண்டாம் என்று சொல்ல. ஆர்எக்ஸ் 6600-க்கு எட்டு லேன், 8ஜிபி, 3.0-விலும் இழப்பு கொஞ்சம்தான்.

ஃப்யூஸ்வயர்:

மலிவு விலையில் "ஆர்எக்ஸ் 580 8ஜிபி" என்று நிறையக் கண்ணில் படும். பெயருக்குப் பின்னால் 2048எஸ்பி இருந்தால் அது உண்மையில் 570-இன் சிப். பெரும்பாலும் கிரிப்டோ மைனிங்கில் உழைத்து, புதுப் பெட்டியில் வந்தவை. 8 பின் கேபிளில் 6600-ஐவிட அதிகம் இழுக்கும், வேகம் அதைவிடக் குறைவு.