'இன்சென்டீஸ்' காட்டுறதுக்கு சப்டைட்டில் உதவி தேவை

வணக்கம். டெனி வில்நெவ்வின் 'இன்சென்டீஸ்' (2010) படத்தைக் மட்டக்களப்பு கல்லடியில சின்னதாப் போட்டுக் காட்டப்போறம். தாய் விட்டுப்போன கடிதங்கள் வழியா இரட்டைப் பிள்ளைகள் யுத்தகால ரகசியத்தைத் தேடிப் போற கதை. 131 நிமிடம், பிரெஞ்சு, அரபு.

கையில இருக்கிற தமிழ் சப்டைட்டில் செக்கனுக்கு 25 பிரேம் (படச்சட்டம்) ஓடுற பிரதிக்குச் செய்தது. எங்கட படமோ செக்கனுக்கு 23.976 பிரேம். போகப்போக எழுத்து முந்தி, கடைசியில 5 நிமிடத்துக்கு மேல வித்தியாசம். டிலேயை (எழுத்து முழுக்க ஒரே அளவு தள்ளிவைக்கிற நேரம்) மாத்தினா தொடக்கம் மட்டுந்தான் சரிவரும், பிரேம் ரேட்டையே மாத்தணும். பென்டிரைவில டிவிக்குப் போட்டா கொம்பும் புள்ளியும் வேற சிதறுது. அதால எழுத்தைப் படத்தோடயே பதிச்சுத் தரக்கூடிய ஆக்கள் வேணும்.

பஸ் எரியிற காட்சி நம்ம ஊர்ச் சனத்துக்கு லேசில்ல. இடையில எழும்பிப் போறவங்களோட இருக்க உளவளத்துணையாளர் ஒருவரும் தேவை. முடிஞ்சவங்க இன்பாக்ஸ் வாங்க.