பழைய பிளாக் மாடலை புது பிளானிங் சாஃப்ட்வேர்ல ஏத்துனா டன்னேஜ் குறையுது, உதவி வேணும்

அரியலூர்_தம்பி
எல்லாருக்கும் வணக்கம். அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் மைன்ஸ்ல பிளானிங்ல சேர்ந்து எட்டு மாசம் ஆகுது. ஜியாலஜி வேலையை முன்னாடி வெளியில ஒரு கன்சல்டன்ட் செஞ்சு குடுத்திருக்காங்க, அந்த பிளாக் மாடல் (பூமிக்கடியில இருக்குறதை சின்னச் சின்ன பெட்டியா பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் என்ன கல்லு, என்ன தரம்னு எழுதி வச்சது) சிஎஸ்வி ஃபைலாத்தான் இருக்கு. பிளாக் சைஸ் 5×5×2 மீட்டர், எக்ஸ்ல 300, ஒய்ல 240, இசட்ல 20 பிளாக். அதை எக்செல்ல திறந்து தேவையில்லாத காலமெல்லாம் (column) எடுத்துட்டு சேவ் பண்ணி இப்ப வாங்குன பிளானிங் சாஃப்ட்வேர்ல ஏத்துனேன், எர்ரர் எதுவும் வரல. ஆனா ரிப்போர்ட்ல சுண்ணாம்புக்கல் 42 மில்லியன் டன்னுன்னு இருக்கு, எனக்கு 33தான் காட்டுது. சிலிக்கா சராசரி மைனஸ் 2.1ன்னு வருது, சிலிக்கா எப்படி மைனஸ்ல வரும்? செக்ஷன் வெட்டி போர்ஹோலோட வச்சுப் பாத்தா சுண்ணாம்புக்கல் தொடங்குற இடம் எல்லா ஹோல்லயும் ஒரே அளவு தள்ளி நிக்குது. ஓரிஜின்ல (மாடல் தொடங்குற புள்ளி) ஃபைல்ல இருக்குற ரொம்பச் சின்ன எக்ஸ் ஒய் இசட்டை அப்படியே குடுத்தேன், எக்ஸ் 289502.5. அடுத்த வாரம் அஞ்சு வருஷ பிளான் காட்டணும், ராத்திரி தூக்கமே இல்லண்ணே.

பெஞ்ச்_எட்டு
தம்பி பதறாத, இதுல மூணு தனித்தனி தப்பு கலந்து கிடக்கு, ஒண்ணொண்ணா பாப்போம். முதல்ல பிளாக் எத்தனைன்னு எண்ணு. 300×240×20 போட்டா 14,40,000 வரணும். எக்செல் ஒரு ஷீட்ல 10,48,576 வரிக்கு மேல வச்சுக்காது, திறக்கும்போதே முழுசா ஏறலன்னு ஒரு மெசேஜ் வந்திருக்கும் நீ ஓகே குடுத்திருப்ப, அப்புறம் சேவ் பண்ணதும் மிச்சம் நாலு லட்சம் பிளாக் அப்படியே போயிடுச்சு. ஒரு லேயருக்கு 72,000 பிளாக், ஃபைல் கீழேர்ந்து மேல அடுக்கி இருந்தா 14 லேயர் முழுசா இருக்கும், 15வது லேயர் பாதியில அறுத்த மாதிரி நிக்கும், அதுக்கு மேல ஒண்ணுமே இருக்காது. 3டில திருப்பிப் பாரு தெரியும். மேல் பெஞ்சுல (படி மாதிரி வெட்டுற தட்டு) இருக்குற கல்லு கணக்குலயே வராம, எது வரைக்கும் தோண்டுனா லாபம்னு பாக்குற பிட் ஆப்டிமைசேஷன் ஓட்டுனா வர்ற பிட்டை நம்பி ஒரு டம்பர் கூட அனுப்ப முடியாது. கன்சல்டன்ட் குடுத்த ஒரிஜினல் ஃபைலை தொடாத, காப்பி எடுத்து நேரா சாஃப்ட்வேர்லயே ஏத்து, வேண்டாத காலத்தை அங்கயே விட்டுடலாம்.

ரெண்டாவது அந்த 289502.5. அது பிளாக்கோட நடுப்புள்ளி தம்பி, மூலை இல்ல. 5 மீட்டர் பிளாக்குன்னா மூலை 289500.0ல இருக்கு. சாஃப்ட்வேர் ஓரிஜின்னு கேக்குறது பெரும்பாலும் மூலையைத்தான், நீ நடுவைக் குடுத்ததால மாடல் எக்ஸ்ல 2.5, ஒய்ல 2.5, இசட்ல 1 மீட்டர் நகந்துடுச்சு. ஒரு மீட்டர்தானேன்னு விட்டா பெஞ்ச் அடியில களிமண்ணும் சேந்து கிரஷருக்குப் போகும்.

ஜியோ_அக்கா
அண்ணன் சொன்னது சரி. அந்த மைனஸ் சிலிக்கா நான் சொல்றேன். கிரேடு (கல்லோட தரம்) எஸ்டிமேட் ஆகாத பிளாக்குல -99 போட்டு வைக்கிறது வழக்கம், புது சாஃப்ட்வேருக்கு அது வெறும் நம்பர்தான், சராசரியில சேத்துக்கும். பத்துல ஒரு பிளாக் அப்படி இருந்தாலே சராசரி உனக்கு வந்த மாதிரி மைனஸ்ல போயிடும். இம்போர்ட் பண்ணும்போது -99ன்னா காலின்னு சொல்லிடு. ஆனா தயவுசெஞ்சு அதை 0 ஆக்காத தம்பி. சிலிக்கா பூஜ்யம்னா உலகத்துலயே நல்ல கல்லுன்னு அர்த்தம், ஆப்டிமைசர் முதல்ல அதைத்தான் தோண்டச் சொல்லும். எங்க மைன்ஸ்ல ஒருத்தர் அப்படி மாத்தி ஒரு வருஷ பிளானையே திரும்பப் போட வேண்டியதாச்சு, அந்தக் கஷ்டம் உனக்கு வேண்டாம்.

இன்னொண்ணு, எல்எஸ்எஃப் (லைம் சாச்சுரேஷன் ஃபேக்டர், சிலிக்கா, அலுமினா, அயர்னுக்கு எதிரா லைம் எவ்வளவு இருக்குன்னு காட்டுற சிமென்ட் கணக்கு) காலம் ஃபைல்ல இருக்கா? பெஞ்ச் உயரத்துக்கு பிளாக்கை சேக்கும்போது எல்எஸ்எஃப்பை சராசரி எடுக்கவே கூடாது. ஒரு பிளாக்குல லைம் 50, சிலிக்கா 6, அலுமினா 1.5, அயர்ன் 0.8, எல்எஸ்எஃப் 262 வரும். பக்கத்துல 38, 22, 4, 2, அதுக்கு 56. ரெண்டையும் சராசரி எடுத்தா 159 காட்டும். ஆனா சம எடைல கலந்த கல்லுல லைம் 44, சிலிக்கா 14, அதுலேர்ந்து போட்டா 101தான். 159ன்னு நம்பி இன்னும் மட்டமான கல்லைக் கலந்தா கிளிங்கரே சரியா வராது. அதனால ஆக்சைடை டன்னேஜ் வெயிட் போட்டு சராசரி எடு, கடைசில எல்எஸ்எஃப்பைக் கணக்கு போடு.

தெற்கு_சர்வேயர்
எக்ஸ் ஒய் மாறிடாம பாத்துக்குங்க. சர்பேக்னு ஒரு மைனிங் சாஃப்ட்வேர்ல ஒய் முதல்ல வரும், பல சாஃப்ட்வேர்ல எக்ஸ் முதல்ல. அரியலூர்ல ஆறு இலக்கம் ஈஸ்டிங் (எக்ஸ்), 12ல ஆரம்பிக்குற ஏழு இலக்கம் நார்த்திங் (ஒய்), அதை வச்சே கண்டுபிடிச்சுடலாம். 78 டிகிரி தீர்க்கரேகைக்கு கிழக்கே இருக்குறதால யூடிஎம் மேப் கணக்குல ஜோன் 44, கோயம்புத்தூர் பக்கம்னா 43. அப்புறம் கன்சல்டன்ட் எந்த மாச சர்வேயை வச்சு தரைமட்டம் வெட்டுனாங்கன்னு கேளுங்க, அதுக்கப்புறம் நீங்க எடுத்த கல்லு மாடல்ல இன்னும் இருக்கும்.

பெஞ்ச்_எட்டு
ஆமா அதை மறந்துட்டேன். தம்பி, சாஃப்ட்வேர் மேலயே சந்தேகம் வந்தா மைன்லிப் (MineLib) டேட்டாவை ஒரு தடவை ஏத்திப் பாரு, 2013ல ஆராய்ச்சிக்காக வெளியிட்ட மாதிரி பிளாக் மாடல்கள், நியூமேன்1ல 1,060 பிளாக், மார்வின்ல 53,271. எண்ணிக்கை முன்னாடியே தெரிஞ்சதால ஏறுச்சா இல்லையான்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

அரியலூர்_தம்பி
அண்ணே, அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒரிஜினல் ஃபைலை நேரா ஏத்துனேன், எண்ணிக்கை 14,40,000 சரியா வந்துச்சு. 15வது லேயர் நீங்க சொன்ன மாதிரியே பாதில நின்னுட்டு இருந்துச்சுண்ணே, பழசை வச்சுப் பாத்தப்ப வயித்தைக் கலக்குச்சு. ஓரிஜினை 289500 ஆக்கி ஒய் இசட்டையும் மாத்துனதும் போர்ஹோல் எல்லாம் செக்ஷன்ல பொருந்திடுச்சு. டன்னேஜ் 41.9. -99 பிளாக்கெல்லாம் வடக்கு எல்லை ஓரமா இருக்கு, அங்க ஹோல் போட்டதே இல்லையாம், அந்தப் பகுதியை அஞ்சு வருஷ பிளான்ல சேக்காம விட்டுட்டு ஜியாலஜிஸ்ட்கிட்ட லிஸ்ட் குடுத்துட்டேன். சர்வே ஃபைல் நாளைக்கு வருது, வந்ததும் வெட்டி எடுத்துட்டு நம்பர் போடுறேன்.