புதுப்பிப்பு: வாண்டுகளோடு கரையிலிருந்து பாஸ் மீன் பிடிப்பது

டெக்சாஸில் நாலு வயது, ஆறு வயது வாண்டுகளைக் கூட்டிக்கொண்டு, படகில்லாமல் கரையிலிருந்தே பாஸ் (bass) மீன் பிடிக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிகிறது. பாஸை மட்டும் நம்பிப் போனால்தான் வம்பு.

பிள்ளைகளுக்குத் தக்கையும் மண்புழுத் துண்டும் கட்டிய குட்டைத் தூண்டில். கரையோரம் இருக்கும் புளூகில் (bluegill) என்ற குட்டி மீன்கள் சும்மா விடாது. தக்கை துள்ளிக்கொண்டே இருக்கும், அவர்களுக்கும் பொழுது போகும். தூண்டில் முள்ளில் பின்பக்கமாக நீட்டியிருக்கும் சின்ன முனையைக் குறடால் நசுக்கிவிட்டேன். மீன் வாயிலிருந்தும் சட்டையிலிருந்தும் எளிதாகக் கழல்கிறது. சட்டைதான் அதிகம் மாட்டியது!

வெயில் ஏறுமுன் நீர்ச்செடி ஓரமாக பிளாஸ்டிக் புழுவை மெதுவாக இழுத்ததில் எனக்கு ஒரு பாஸ். கீழுதட்டைக் கட்டைவிரலால் பிடித்துக் காட்டினேன். பெரியவள் தொட்டுப் பார்த்து, "உப்புத்தாள் மாதிரி இருக்குப்பா" என்றாள். வீட்டுக்குக் கொண்டுபோகத் தேவையான 14 அங்குலம் இல்லை, விட்டுவிட்டோம்.

அப்புறம், உரிமம் பற்றிக் கேட்டவர்களுக்கு: டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழே தேவையில்லை. மாநிலப் பூங்காவுக்குள் கரையிலிருந்து பிடித்தால் பெரியவர்களுக்கும் பெரும்பாலும் வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டை மட்டும் காரைவிட்டு இறங்கும்போதே மாட்டிவிடுங்கள்.