தனி வீட்டுக்கு அலாரம்: கடைக்காரர் சொல்லும் இரண்டு சென்சார் போதுமா?

கொள்ளிடக்கரை:
திருச்சியில் தனி வீடு. தரைத்தளம், மேலே ஒரு மாடி. முன்னால் போர்டிகோவில் இரும்பு கிரில் கேட், அதற்கு உள்ளே தேக்குக் கதவு. பின்னால் சமையற்கட்டுக் கதவு. மொட்டைமாடிப் படிக்கட்டில் ஒரு கதவு. ஜன்னல் எல்லாவற்றுக்கும் கம்பி உண்டு. பகலில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருப்பார்கள். மாதத்தில் இரண்டு நாள் வீடு பூட்டிக் கிடக்கும். பூனை ஒன்று. பல்லிக்குக் கணக்கில்லை. ஹாலில் ஒரு பிஐஆர் (உடம்பு வெப்பம் நகர்வதை வைத்து ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சார்), மாடியில் ஒரு பிஐஆர், ஒரு ஜிஎஸ்எம் பெட்டி (சிம் போட்டு போனுக்கு அழைக்கிற அலாரம் பெட்டி), இவ்வளவு போதும் என்கிறார் கடைக்காரர். பட்ஜெட் 25,000. சுவரை உடைக்காமல் முடிந்தால் நல்லது. எதைக் கேட்டு வாங்குவது?

வயர்மேன்:
போதாது சார். ஹாலில் இருக்கிற பிஐஆர் அலறும்போது திருடன் ஏற்கெனவே ஹாலில் நிற்கிறான். பெற்றோர் வீட்டில் தூங்குகிற இரவில் அதை ஆன் செய்யவும் முடியாது. யாராவது தண்ணீர் குடிக்க எழுந்தாலே ஊரைக் கூட்டிவிடும். முதல் காசு கதவுக்குப் போகட்டும். தேக்குக் கதவு, சமையற்கட்டு, மொட்டைமாடி மூன்றுக்கும் காந்த சென்சார், கதவு திறந்து காந்தம் விலகியதும் அலறுகிற வகை. அதற்குப் பிறகுதான் பிஐஆர்.

சென்சாரைக் கீல் இல்லாத பக்கம், கதவின் மேல் மூலையில் மாட்டச் சொல்லுங்கள். சுவிட்ச் நிலையில், காந்தம் கதவில். இரண்டுக்கும் நடுவில் 5 மில்லிமீட்டர் இருந்தால் நிம்மதி. ஐப்பசி மழையில் மரம் உப்பிக் கதவு சரியாகச் சாத்தாமல் நிற்கும். இடைவெளியை எல்லை வரை இழுத்து வைத்திருந்தால் அப்போதுதான் நடுராத்திரி பொய் அலாரம் வரும். கிரில் கேட்டில் சாதாரண பிளாஸ்டிக் சென்சார் வேண்டாம். இரும்பு காந்தப்புலத்தை இழுத்துக்கொள்வதால் வேலை செய்யும் தூரம் பாதிக்கு மேல் குறைந்துவிடும், காற்றில் கேட் ஆடினாலும் அலறும். ஷட்டருக்குப் போடுகிற அலுமினிய உடம்பு சென்சார் தனியாகக் கிடைக்கிறது. பட்ஜெட் இடித்தால் கிரில் கேட்டை விட்டுவிடலாம், மொட்டைமாடிக் கதவை விடக் கூடாது. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து தாண்டி வருபவனுக்கு அதுதான் வாசல், தெருவிலிருந்து யார் கண்ணுக்கும் படாது.

பேனலில், அதாவது சென்சார்கள் எல்லாம் வந்து சேர்கிற பெட்டியில், ‘ஸ்டே’ (ஆள் வீட்டில் இருக்கும்போது), ‘அவே’ (வீடு பூட்டியிருக்கும்போது) என்று இரண்டு விதமாக ஆன் செய்ய வசதி இருக்க வேண்டும். ஸ்டேயில் கதவுகள் மட்டும் காவல், பிஐஆர் தூங்கும். முன்கதவுக்கு 30 விநாடி தாமதம் கொடுங்கள், மற்ற இரண்டும் உடனே அலற வேண்டும். விடியலில் வாசல் தெளிக்க அம்மா கதவைத் திறப்பார் அல்லவா, அணைக்கிற ரிமோட் சாவிக்கொக்கியிலேயே தொங்கட்டும். அதில் அவசர பட்டனும் இருக்க வேண்டும். பகலில் இரண்டு பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு முக்கியமான பாகம் அந்தப் பட்டன்தான்.

மீட்டர்பெட்டி:
கரண்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. நம் ஊரில் இபி மீட்டரும் ஃபியூஸும் பெரும்பாலும் வெளியே போர்டிகோ சுவரில்தான். ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கினால் மூன்று விநாடியில் வீடு இருட்டு. ‘இன்வர்ட்டர் இருக்கிறதே’ என்று விடாதீர்கள், பேனலுக்குள்ளேயே பேட்டரி வேண்டும். பேனல் 100 மில்லியாம்பியர், கீபேட் 40, நான்கு பிஐஆர் சேர்ந்து 60 என்று வைத்தால் மொத்தம் 200. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி தாளில் 35 மணி நேரம் தாங்கும். நம் வெயிலில் இரண்டு வருஷம் கிடந்த பேட்டரி அதில் பாதி தந்தால் பெரிது. மூன்றாம் வருஷம் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள். வைஃபை வழியாக போனுக்குத் தகவல் வருகிற மாடல் என்றால் ரூட்டருக்கும் தனி மினி யுபிஎஸ் வேண்டும், இல்லையென்றால் கரண்டோடு தகவலும் போய்விடும்.

அடுத்தது சிம். பெட்டியில் வெறும் ‘ஜிஎஸ்எம் 900/1800’ என்று போட்டிருந்தால் அது 2ஜி. ஜியோவுக்கு 2ஜியே கிடையாது, அந்த சிம் அதில் எழுந்திருக்காது. 4ஜி மாடல் கேட்டு வாங்குங்கள், கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை. சிம்மின் பின் நம்பர் (PIN) பூட்டை முதலில் போனில் போட்டு எடுத்துவிட்டுப் பேனலில் செருகுங்கள். ரீசார்ஜ் ஒரு வருஷத்துக்கானதாக இருக்கட்டும். 28 நாள் பிளான் முடிந்து வெளி அழைப்பு நின்றதே தெரியாமல் கிடக்கிற அலாரம் பெட்டிகள் ஏராளம். 1234 மாதிரி கம்பெனி பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள்.

கொள்ளிடக்கரை:
நன்றி. பூனைக்கு ‘பெட் இம்யூன்’ பிஐஆர் போட்டால் சரியாகுமா? சுவரை உடைக்காமல் இருக்க வயர்லெஸ் எடுத்தால் நம்பலாமா?

வயர்மேன்:
பெட் இம்யூன், அதாவது வளர்ப்புப் பிராணிக்கு அலறாது என்பது, பூனை தரையில் நடக்கிற வரைக்கும்தான். பீரோ மேல் தாவி உட்கார்ந்தால் சென்சாருக்கு அதுவும் ஆள்தான். வீடு பூட்டும் நாளில் பூனையை எங்கே விடுவது என்று முடிவு செய்துவிட்டு, அந்த இடத்தில் பிஐஆர் போடாமல் இருப்பது சுலபம்.

பல்லிதான் பெரிய தலைவலி. தூரத்தில் ஓடினால் ஒன்றுமில்லை. லென்ஸின் மேலேயே ஏறும்போது பிஐஆருக்கு யானை மாதிரி தெரியும். டியூப்லைட் பக்கத்தில் மாட்டினால் பூச்சி வரும், பூச்சிக்குப் பின்னால் பல்லி வரும். வயர் நுழைகிற ஓட்டையை சிலிக்கானால் அடையுங்கள், எறும்பு உள்ளே போய்க் கூடு வைக்காது. உயரம் 2.1 முதல் 2.4 மீட்டர். ஆள் குறுக்கே நடந்தால் நன்றாகப் பிடிக்கும், நேராக அதை நோக்கி வந்தால் மந்தம். அதனால் கதவைப் பார்த்து மாட்டாமல் பக்கச் சுவர் மூலையில் மாட்டுங்கள். இன்னொன்று, சித்திரையில் பூட்டிய மாடி அறை 37 டிகிரியைத் தொடும்போது உடம்பு வெப்பத்துக்கும் சுவர் வெப்பத்துக்கும் வித்தியாசமே இருக்காது, பிஐஆர் பாதிக் குருடாகிவிடும். வெப்ப ஈடு (அறைச் சூட்டுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வது) உள்ளதா, மைக்ரோவேவும் (ரேடியோ அலையால் அசைவைப் பார்ப்பது) சேர்ந்ததா என்று பார்த்து மாடிக்கு வாங்குங்கள்.

செம்புக்கம்பி:
வயர்லெஸ் பற்றி. மலிவான 433 மெகாஹெர்ட்ஸ் சென்சார்கள், ரிமோட்டுகள் பலவும் ஒரே ரகசியக் குறியீட்டைத் (code) திரும்பத் திரும்ப அனுப்பும். ரிமோட்டின் குறியீட்டைக் காற்றில் பிடித்து அதையே திருப்பி அனுப்பினால் பேனல் அணைந்துவிடும். சென்சாரின் பேட்டரி தீர்ந்தாலோ யாராவது அதைப் பிடுங்கினாலோ பேனலுக்குத் தெரியவும் தெரியாது. ரிமோட் ரோலிங் கோடா (ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறுவது), சென்சார்கள் ‘நான் இருக்கிறேன்’ என்று அவ்வப்போது பேனலுக்குச் சொல்கின்றனவா, இந்த இரண்டையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு கடை. அட்டையில் போட்ட 100 மீட்டர் வெட்டவெளிக் கணக்கு; நடுவில் ஒரு கான்கிரீட் தளமும் 9 அங்குலச் சுவரும் வந்தால் மொட்டைமாடிக் கதவு எட்டாமல் போகலாம். ஸ்க்ரூ முறுக்கும் முன் டேப்பில் ஒட்டி ஒரு நாள் பாருங்கள்.

என் யோசனை கலப்பு. கீழ்தளக் கதவுகளுக்கும் சைரனுக்கும் வயர், கேசிங் பட்டையிலேயே ஓட்டலாம், சுவர் உடைய வேண்டாம். மாடிக்கு மட்டும் வயர்லெஸ். வயர் ஓட்டுபவர் செய்கிற பெரிய தப்பு ஒன்று: ஒவ்வொரு ஜோனின் (பேனலிலிருந்து ஒரு சென்சாருக்கோ சில சென்சார்களுக்கோ போகிற தனி வயர்) கடைசியிலும் போட வேண்டிய ரெசிஸ்டரை, வேலை மிச்சம் என்று பேனலுக்குள்ளேயே முறுக்கிவிடுவார். அப்படிச் செய்தால் வழியில் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கினாலும் பேனல் ‘எல்லாம் சரி’ என்றே காட்டும். ரெசிஸ்டர் சென்சார் பக்கம் இருக்க வேண்டும், பக்கத்தில் நின்று பாருங்கள். வெளி சைரன் மாடி சன்ஷேடுக்கு அடியில், ஏணி இல்லாமல் எட்டாத உயரத்தில், வயர் கண்ணில் படாமல். உள்ளே இன்னொரு சின்ன சைரன் மறைவாக.

பணம் கொடுக்கும் முன் மெயினை அணைத்துவிட்டு, ஒவ்வொரு கதவாகத் திறந்து, எந்தக் கதவு என்று போனில் சரியாக வருகிறதா பார்த்துக்கொள்ளுங்கள். சைரன் 3 நிமிடத்தில் தானாக அடங்க வேண்டும். அழைப்புப் பட்டியலில் முதல் நம்பர் எதிர்வீட்டுக்காரருடையதாக இருக்கட்டும், நீங்கள் வெளியூரில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்? 100க்குப் பெட்டி தானாக அழைக்கும்படி வைக்காதீர்கள். ஆள் பார்த்துவிட்டு அழைப்பதே சரி. வெளியூர் போகும் தேதியை ஸ்டேஷனில் சொல்லிவிட்டால் ரோந்தில் பார்ப்பார்கள். கிரில் கேட்டில் வெளியே தெரிகிற மாதிரி பெரிய பூட்டைத் தொங்கவிட்டுப் போகாதீர்கள், உள்பூட்டு போதும்.