பாதி டேங்க் பெட்ரோலோடு நின்றுபோகும் பழைய பிக்கப்

என்னுடையது 2 டேங்க் உள்ள பழைய பிக்கப். கார்புரேட்டர் இன்ஜின், பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு சேர்ந்த மெக்கானிக்கல் வகை. முன் டேங்கில் கடைசிச் சொட்டு வரை ஓடும். பின் டேங்குக்கு மாற்றினால் முதலில் நன்றாகத்தான் போகும். முள் பாதிக்குக் கீழே இறங்கியதும் இழுவை குறைந்து, திக்கித் திக்கி நின்றுவிடும். முன் டேங்குக்குத் திருப்பினால் கொஞ்ச நேரத்தில் பழையபடி கிளம்பிவிடும்.

இதை வைத்தே நான் யோசித்திருக்க வேண்டும். முன் டேங்கில் ஒழுங்காக ஓடுகிறதென்றால் பம்ப், ஃபில்டர், கார்புரேட்டர் மேல் தப்பில்லை. அவை இரண்டு டேங்குக்கும் பொது. கோளாறு, எந்த டேங்கிலிருந்து பெட்ரோல் எடுப்பது என்று மாற்றிவிடும் செலக்டர் வால்விலோ, அதற்கும் பின் டேங்குக்கும் நடுவிலோ, டேங்குக்குள்ளேயோதான் இருக்க முடியும். ஆனால் மெக்கானிக் சொன்னார் என்று பம்பை மாற்றினேன், அப்புறம் ஃபில்டரையும் மாற்றினேன். பணம் போனதுதான் மிச்சம்.

பிறகு நானே இறங்கினேன். வண்டி திணறும்போது டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். காற்று உள்ளே இழுக்கும் சத்தம் இல்லை, அதனால் காற்றுத் துளை அடைப்பு இல்லை. பின் டேங்கிலிருந்து வால்வுக்கு வரும் லைனில், பெட்ரோல் தாங்கும் கண்ணாடி போன்ற ஹோஸ் ஒரு துண்டு சேர்த்தேன். டேங்க் நிறைந்திருந்தால் பெட்ரோல் தெளிவாக வருகிறது. பாதிக்குக் கீழே போனால் ஒரே குமிழி! வெளியே எங்கும் ஒழுகல் இல்லை. உறிஞ்சும் பக்கம் என்பதால் ஓட்டை இருந்தால் பெட்ரோல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது. ரப்பர் ஹோஸ், கிளாம்ப் எல்லாம் புதிதாகப் போட்டும் குமிழி நிற்கவில்லை.

கடைசியில் பேட்டரியைக் கழற்றிவிட்டு டேங்கை இறக்கினேன். உள்ளே இருக்கும் உறிஞ்சுகுழாயின் நடுவில், துரு அரித்து ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை. பெட்ரோல் மட்டம் அதற்கு மேல் இருக்கும்வரை பெட்ரோலையே இழுக்கும்; மட்டம் கீழே போனால் காற்றை இழுக்கும். அந்த டேங்க் பாதி பெட்ரோலோடு மாதக்கணக்கில் சும்மா கிடந்தது, அங்கேதான் அரித்திருக்க வேண்டும். குழாயோடு சேர்ந்த யூனிட்டை மாற்றினேன். இப்போது பின் டேங்கும் அடிவரை ஓடுகிறது.

*

மேலே எழுதியவர் வேறு, நான் வேறு. என்னுடையதும் 2 டேங்க் வண்டிதான், ஆனால் எனக்கு வந்தது வேறு தொல்லை. என் வண்டி இன்ஜெக்‌ஷன், மிஞ்சும் பெட்ரோல் ரிட்டர்ன் லைனில் டேங்குக்கே திரும்பும். முன் டேங்கில் ஓட்டிக்கொண்டிருந்தேன், பின் டேங்க் மூடி வழியாகப் பெட்ரோல் வழிந்தது. சைலன்சர் பக்கத்திலேயே சொட்டியதைப் பார்த்ததும் உயிரே போய்விட்டது. ரிட்டர்னையும் சேர்த்து மாற்றிவிடும் செலக்டர் வால்வு பாதியில் சிக்கியிருந்தது. முன் டேங்கிலிருந்து எடுத்துப் பின் டேங்கில் கொட்டியிருக்கிறது. முன் முள் வழக்கத்தைவிட வேகமாக இறங்கியதை ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், மைலேஜ் குறைகிறது என்றே நினைத்தேன். உங்கள் வண்டியில் ஓடாத டேங்கின் அளவு ஏறுவதுபோல் தெரிந்தால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள், முதலில் அந்த வால்வைப் பாருங்கள்.