சிபேப் பொருத்திய குறைமாதக் குழந்தைகளுக்கு மூக்கில் புண்: ஆலோசனை தேவை

வணக்கம். மாவட்ட மருத்துவமனை ஒன்றின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். நுரையீரலில் சர்பாக்டன்ட் (காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பொருள்) போதாமல், முனகலும் விலா உள்ளிழுப்புமாக வரும் 30, 32 வாரக் கர்ப்பத்திலேயே பிறந்த குழந்தைகளுக்கு, தொண்டையில் குழாய் செலுத்தாமல், பபிள் சிபேப் (குழாயின் மறுமுனையை நீர்ப்புட்டியில் அமிழ்த்தி, மூக்கு வழியே தொடர்ந்து காற்றழுத்தம் தரும் கருவி) மூலம் 5 அல்லது 6 செ.மீ. நீரழுத்தத்தில் மூச்சுக்கு உதவுகிறோம். பெரும்பாலானவர்கள் இதிலேயே தேறிவிடுகிறார்கள்.

சிக்கல் மூக்கில்தான். மருத்துவர்களின் கண் ஆக்சிஜன் அளவில் இருக்கும். மூக்கு எங்கள் பொறுப்பு. இரண்டாம் நாளுக்குள் நாசித் துளைகளுக்கு இடையிலுள்ள தோல் சிவந்து, சிலருக்கு வெளிறி உரியவும் தொடங்குகிறது. பிராங் (நாசித் துளைகளில் பொருத்தும் சிறு குழல்) அந்தத் தோலைத் தொடாமல் சிறிது இடைவெளி விட்டு நிற்க வேண்டும் என்பது தெரிந்ததே. ஆனால் குழந்தை தலையைத் திருப்பியதும் குழாயின் எடையில் அது உள்ளே அழுந்திவிடுகிறது, தளர்த்தினாலோ காற்று கசிந்து புட்டியில் குமிழ்கள் நின்றுபோகின்றன. பாதுகாப்புக்கு ஹைட்ரோகொல்லாய்டு (தோலைக் காக்கும் ஒட்டுப்பட்டை) துண்டை வெட்டி ஒட்டினால், குழாயில் தேங்கும் நீரில் ஊறி அதுவும் கழன்றுவிடுகிறது.

பிராங்கையும் மாஸ்க்கையும் மாற்றி மாற்றிப் பொருத்துபவர்கள் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்? 1 கிலோவுக்கும் குறைவான குழந்தைக்குத் தொப்பியில் குழாயை நிலைநிறுத்தும் முறையை, குழந்தையின் முகம் தெரியாத படத்துடன் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.